நூற்றுப்பத்தில் ஒரு சண்டை

எழுபத்து நாலு.

அப்பா சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு உள்ளே, மார்பைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. நாடித் துடிப்பை அது எண்ணும். எண் என் கையிலிருந்த போனில் தெரியும். நூற்றுப்பத்துக்கு மேல் ஏறி நாற்பது நிமிஷம் அங்கேயே நிற்க வேண்டும். ஏழரைக்கு அவர் டிப்போவுக்குக் கிளம்ப வேண்டும். மணி ஆறு நாற்பது.

“எவ்வளவு?” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ஏழு விரல் காட்டினேன். அப்புறம் நாலு விரல்.

“போச்சு. பாப்பா, உங்கம்மாவை ஏதாவது சொல்லிக் கிளப்பிவிடு.”

“நீங்களே கிளப்புங்க. உங்க பொண்டாட்டிதானே.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“இது டீயா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு!”

அம்மா வெளியே வந்தாள். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

“ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான். வேற போட்டுத் தர்றேன்.”

உள்ளே போய்விட்டாள்.

எழுபத்து ரெண்டு.

அப்பாவின் முகம் வெளுத்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அம்மா வாயிலிருந்து “நீங்க சொல்றது சரிதான்” வந்ததே இல்லை. பூகம்பத்துக்கு முன்னால் நாய்கள் ஓடுமாமே, அந்த மாதிரி ஓடலாமா என்று பார்த்தேன்.

இது ஆறாவது நாள். முதல் ஐந்து நாள் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இழுத்து இழுத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

அப்பா பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம். போன மாதம் ஒரு நாள் தன் இருக்கைக்கு ஏறும் மூன்றே மூன்று படியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். மூச்சு. கண்டக்டர் பார்த்துவிட்டார். “யார்கிட்டயும் சொல்லாதே” என்றார் அப்பா. கண்டக்டர் யாரிடமும் சொல்லவில்லை, தன் மனைவியைத் தவிர. அந்த அக்கா யாரிடமும் சொல்லவில்லை, என் அம்மாவைத் தவிர. தகவல் எங்கள் வீட்டுக்கு வந்து சேரப் பதினெட்டு நிமிஷம் ஆனது. அதே தூரத்துக்கு அப்பாவின் பஸ் இருபத்தைந்து நிமிஷம் எடுக்கும்.

அம்மா இதய கிளினிக்கில் டெக்னீஷியன். வருகிறவர் மார்பில் பத்து ஒயர் ஒட்டி, ஓடுகிற பெல்ட்டில் ஏற்றி நடக்கவிட்டு, கிராஃப் எடுப்பாள். பதினோரு வருஷமாக இதே வேலை. அப்பாவை இழுத்துக்கொண்டு போய்த் தன் டாக்டர் முன்னால் நிறுத்தினாள். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இதயம் கெட்டுப்போகலை. சோம்பேறியாயிடுச்சு” என்றார். டிப்போவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். மூன்று வாரம் டிப்போவுக்குள்ளேயே வேலை, தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும். நடந்ததற்கு மார்புப் பட்டையின் பதிவு வேண்டும். அப்புறம் ஓடும் பெல்ட்டில் ஒன்பது நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். பிடித்தால் ஸ்டியரிங். இல்லையென்றால் டயர் ஸ்டோர்.

டயர் ஸ்டோர் என்பது டிப்போவின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வண்டி ஓட்ட முடியாமல் போன பெரியவர் ஒருத்தர் அங்கே இருக்கிறார். வரும் டயரைத் தட்டிப் பார்த்துச் சுவரில் சாய்ப்பார். ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு டயரை வைத்து இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். வளைவு வந்தால் தலையையும் சாய்த்தார். அப்பாவும் அதைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

“அப்போ நடந்து தொலைய வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“நானா? ரோட்டுலயா? பாப்பா, நடக்கிறவன்னா யாரு? என் பஸ்ஸைத் தவறவிட்டவன். இருபத்திரண்டு வருஷமா கண்ணாடியில பின்னால பார்த்த கூட்டத்துல நானே போய்ச் சேரணுமா? நம்ம பசங்க வண்டில போகும்போது பார்த்தா ஹாரன் அடிச்சே கொன்னுடுவானுங்க.”

முதல் நாள் பட்டையை என் மார்பில் கட்டிவிட்டார். நான் மொட்டை மாடியில் நாற்பது நிமிஷம் ஸ்கிப்பிங் ஆடினேன். பள்ளிக்கூடம் முடித்து மூன்று மாதமாகிறது, மேலே படிக்கப் போகவில்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன். அதனால் வீட்டில் யாருக்கு எது ஆகவேண்டுமானாலும் நான்தான்.

மாலையில் அம்மா போனை வாங்கிக் கிராஃபின் மேல் விரலை ஓட்டினாள்.

“ஏங்க, நல்லா நடந்தீங்களோ?”

“பின்னே! கால் விண்விண்ணுன்னு வலிக்குது.”

“நின்ன ஒரே நிமிஷத்துல நாடி நாப்பத்தெட்டு இறங்கியிருக்கு.”

“இறங்கினா நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது. அம்பத்திரண்டு வயசுல இப்படி இறங்கினா உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு கிளினிக் வாசல்ல நிறுத்தலாம்.” என் பக்கம் திரும்பினாள். “கயித்தை எங்கடி ஒளிச்சு வெச்ச?”

“சோபாவுக்கு அடியில.”

எனக்குப் பொய் வராது. வந்தாலும் தாமதமாகத்தான் வரும். அப்பா என்னைப் பஞ்சர் ஆன டயரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இரண்டாவது நாள் பட்டை அவர் மார்பிலேயே இருந்தது. சோபாவில் இருந்தார். எழுபது. மணி ஓடியது. அறுபத்தொன்பது. அப்போதுதான் கட்டில் மேல் ஈரத் துண்டு கிடப்பதை அம்மா பார்த்தாள். பத்து நிமிஷம் நடந்தது சண்டை. முடிந்ததும் போனைப் பார்த்தேன்.

“அப்பா. நூத்திப் பதினெட்டு.”

“எது?”

“உங்க நாடி. உட்கார்ந்த இடத்துலயே.”

அப்பாவின் கண்ணில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அவ்வளவு பெரிய வெளிச்சம் அந்தக் கண்ணுக்கு ஆகாது.

“எப்படி?”

உயிரியலில் எனக்குப் பாஸ் மார்க்குக்கு மேலே ரெண்டே ரெண்டு மார்க். அந்த ரெண்டும் இந்தப் பாடத்தில் கிடைத்தது. சொன்னேன். இதயத்துக்கு மூளையிலிருந்து இரண்டு வகை நரம்பு வருகிறது. ஒன்று பிரேக். ஒன்று ஆக்ஸிலரேட்டர். சும்மா இருக்கும்போது மூளை பிரேக்கில் கால் வைத்தே இருக்கும். நடக்க ஆரம்பித்தால் முதலில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். கோபம் வந்தாலும் அதே கால், அதே மிதி.

“அதாவது, இன்ஜினுக்குச் சண்டைக்கும் நடைக்கும் வித்தியாசம் தெரியாது?”

“தெரியாது.”

“அறிவுடா இது!” என்றார். யாருடைய அறிவு என்று சொல்லவில்லை.

அப்புறம் மூன்று நாள் வீட்டில் சண்டை. சோப்புக்கு ஒன்று. ஃபேன் வேகத்துக்கு ஒன்று. செருப்பு வடக்கே பார்த்துக் கிடந்ததற்கு ஒன்று. நாற்பது நிமிஷம் முடிந்தது என்று நான் கட்டை விரலைக் காட்டியதும், அப்பா பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போவார். அம்மா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள்.

ஐந்தாம் நாள் மாலை நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நடந்தாலும் நாடி ஏறுது, சண்டை போட்டாலும் ஏறுது. ரெண்டும் ஒண்ணுதானே?”

தேய்ப்பது நின்றது.

“எதுக்குக் கேக்கற?”

“சும்மா.”

“நீ சும்மா கேக்கற ஆளாடி?” மறுபடி தேய்த்தாள். “நடக்கும்போது கால் தசை ‘எனக்கு ரத்தம் வேணும்’னு கேக்கும். அங்க இருக்கிற குழாயெல்லாம் விரிஞ்சு கதவைத் திறந்துவிடும். வயித்துக்குப் போற ரத்தத்தை நரம்பு மடக்கிக் காலுக்கு அனுப்பும். இதயம் எவ்வளவு தள்ளினாலும் போக இடம் இருக்கும். உட்கார்ந்துகிட்டே கத்தினா? காலு கேக்கவே இல்லை. கதவு திறக்கலை. மூளை மட்டும் மிதி மிதின்னு மிதிக்குது. கதவு மூடின பஸ்ஸுக்குள்ள ஆளை ஏத்திக்கிட்டே போனா என்ன ஆகும்?”

“உடையும்.”

“ம்.” தண்ணீரைத் திறந்துவிட்டாள். “மூணு படி ஏறி நின்னுட்டாரு. என்கிட்ட சொல்லலை. கண்டக்டர் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியணும்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் ஓடியது.

மறுநாள் காலைதான் “நீங்க சொல்றது சரிதான்.” எழுபத்து ரெண்டு.

ஆறு நாற்பத்து மூன்று. அம்மா துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன். டீயைப் பத்திப் பேசற உரிமை உங்க குடும்பத்துக்குக் கிடையாது. நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க தங்கச்சி போட்ட டீயை எங்க மாமா குடிச்சுட்டு மூணு நாள்…”

மிச்சம் படிக்கட்டில் போய்விட்டது.

அப்பா துள்ளி எழுந்தார். “மூணு நாள் என்ன? ஏய்! சொல்லிட்டுப் போ!”

போனைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி. துணி காயப்போடும் மொட்டை மாடிக்கு இன்னும் மூன்று மாடி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது.

“மூணு நாள் என்ன?”

“மூணு நாள் அவருக்குப் பேச்சே வரலை!”

“உங்க மாமா அதுக்கு முன்னாடி மட்டும் பேசிக் கிழிச்சாரா?”

“எங்க மாமாவை இழுக்காதீங்க!”

“நீதான்… இழுத்த!”

“நான் டீயைத்தான் சொன்னேன்!”

“டீயை… உங்க மாமா…”

“மூச்சு வாங்கிட்டுப் பேசுங்க. நான் எங்கயும் ஓடிடலை.”

ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு. நூற்று இருபது. மொட்டை மாடிக் கதவில் நூற்று இருபத்தாறு. நான் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினேன். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இரைக்க இரைக்க, என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தார். மாட்டிக்கிட்டா பாரு உங்கம்மா, என்ற சிரிப்பு.

அம்மா ஒரே ஒரு துணியைக் காயப்போட்டாள்.

“கிளிப்பை மறந்துட்டேன்” என்று கீழே இறங்கினாள்.

“பேச்சு முடியலை!” என்று அப்பாவும் இறங்கினார்.

அன்று கிளிப்பை இரண்டு தடவை மறந்தாள்.

ஏழாம் நாள் சண்டை தெருவுக்கு இறங்கியது. கடைக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் உப்பு இருந்தது. எட்டாம் நாள் தெருக்கோடி வரை. ஒன்பதாம் நாள் பாலத்தைத் தாண்டி. அம்மா முன்னால், அப்பா இரண்டடி பின்னால், நான் போனோடு கடைசியில். அம்மா சண்டைக்கு நின்றதே இல்லை. நின்றால் அது முடிந்துவிடும் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் அவரும் நிற்கவில்லை.

ஒரு நாள் டிப்போ பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டினார்.

“என்னண்ணே, நடைப்பயிற்சியா?”

“சீச்சீ! சண்டைடா!” என்று பெருமையாகக் கத்தினார் அப்பா.

“அப்ப சரி!” என்று ஹாரன் அடிக்காமல் போனார் அவர்.

பன்னிரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பின்னால் நடந்துகொண்டே இருவரையும் பார்த்தேன். அப்பா நீளமாக, முழு வாக்கியமாகத் திட்டினால் அம்மாவின் நடை வேகமாகும். அப்பாவின் பேச்சு ரெண்டு ரெண்டு வார்த்தையாகச் சுருங்கினால் அம்மா செருப்பைச் சரிசெய்வாள், விலைப் பலகையைப் படிப்பாள், நடை தளரும். மூச்சு வந்து அவர் மறுபடியும் நீளமாகத் திட்டுவார். அவள் மறுபடியும் வேகமெடுப்பாள். சண்டையின் விஷயம் எதுவாக இருந்தாலும் இது மட்டும் மாறவில்லை. கிளினிக்கில் பெல்ட்டுக்கு வேகம் வைக்கிற கை, இங்கே காலில் இருந்தது.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். ரோட்டிலேயே.

பதினாறாம் நாள் எல்லாம் கவிழப் பார்த்தது. டயர் ஸ்டோர் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். முந்தின நாள் மாலை மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, “சும்மா அந்த நாற்காலியில உட்கார்ந்து பாருங்க, உயரம் சரியா இருக்கான்னு” என்றாராம். அப்பா உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சரியாக இருந்ததாம்.

காலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு சோபாவில் சும்மா இருந்தார்.

அம்மா வாசலில் நின்று ஆரம்பித்தாள். “குழாயை யாரு ஒழுங்கா மூடலை?”

“நான்தான்” என்றார்.

“செருப்பு யாரு இங்க போட்டது?”

“நான்தான். எடுத்து வெச்சிடறேன்.”

எழுபது. அறுபத்தெட்டு. அம்மா படிக்கட்டு வரை போனாள். யாரும் பின்னால் வரவில்லை. திரும்பி வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு அம்மா நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் அவள் குரல் மெதுவாக வந்தது.

“யோசிச்சுப் பார்த்தா… உங்க தங்கச்சி நல்லாத்தான் டீ போடுவா.”

அப்பாவின் தலை நிமிர்ந்தது.

“என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்லை.” வெளியே போனாள்.

“ஏய், நில்லு! இருபது வருஷமா அவளை அந்தப் பாடு படுத்திட்டு, இப்ப நல்லா போடுவாளாமா?” எழுந்துவிட்டார். “ஏய்!”

அன்று ஐம்பத்தைந்து நிமிஷம் போனது. பாலத்தைத் தாண்டி அடுத்த பஸ் நிறுத்தம் வரைக்கும்.

சோதனை நாள்.

நான் கட்டாயம் கூட வரவேண்டும் என்றார் அப்பா. ஏன் என்று கிளினிக் வாசலில்தான் சொன்னார். “பாப்பா, நான் ஒரு நாளும் நடக்கலை. மூணு வாரமும் ஏமாத்தினேன். இப்ப பெல்ட்டுல ஏறினா மூணாவது நிமிஷம் விழுந்துடுவேன். பட்டன் உங்கம்மா கையில இருக்கும். விழுந்தா நீ என் பக்கம் இருக்கணும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஏறுங்கப்பா” என்று மட்டும் சொன்னேன்.

சின்ன அறை. பெல்ட், திரை, ஒரு படுக்கை, ஒரு ஸ்டூல். அம்மா அவர் மார்பில் பத்து ஒயர் ஒட்டினாள், ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றினாள். வீட்டில் பார்க்காத முகம், நீலக் கோட்டு. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையைப் பார்த்தார்.

“தொண்ணூத்தெட்டு. பெல்ட் இன்னும் ஓடலையே?”

“காலு கிளம்பறதுக்கு முன்னாடியே மூளை பிரேக்கை விட்டுடுச்சு டாக்டர்” என்றாள் அம்மா. “பயம்.”

“பயமா? எனக்கா?”

நூற்று நாலு.

பெல்ட் ஓடியது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏறும், மேடும் ஏறும். மூன்றாவது நிமிஷம் வந்தது. அப்பா விழவில்லை. விழாததில் அவருக்கே ஆச்சரியம். என்னைப் பார்த்தார். ஆறாவது நிமிஷம். நூற்று முப்பத்தொன்று. கழுத்தெல்லாம் வியர்வை. முகம் சிவந்தது. பெல்ட் டங்டங்கென்று அதிர்ந்தது. மேடு இன்னும் ஏறியது.

ஏழாவது நிமிஷம்.

“முடியலை” என்றார்.

டாக்டர் பக்கத்தில் வந்தார். “நெஞ்சுல வலி?”

“இல்லை… காலு… போதும்…”

அம்மா திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தாள். அழுத்தத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன என்று அவள் முகத்தில் தெரிந்தது. டாக்டரின் விரல் நிறுத்தும் பட்டனுக்குப் போனது. எனக்கு அந்த நாற்காலிதான் கண் முன்னால் வந்தது. மடியில் டயர்.

“நிறுத்திடுங்க டாக்டர்” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவங்க குடும்பத்துல எல்லாருமே பாதியில விட்டுட்டுப் போறவங்கதான்.”

“யாரு?”

“உங்க தங்கச்சி. நம்ம கல்யாணத்துலயே பாதியில கிளம்பிட்டா.”

“அவளுக்கு… தலைவலி!”

“தலைவலிக்காரி போற வழியில கடைக்குப் போய் வளையல் வாங்கினாளே?”

“யார்… சொன்னது?”

“எங்க மாமா.”

“உங்க மாமாவுக்குத்தான்… பேச்சே… வரலையே!”

கால் நடந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு வாரப் பழக்கம், அம்மா வாயைத் திறந்தால் அந்தக் கால் கிளம்பிவிடும். டாக்டர் விரலை எடுத்துக்கொண்டார். எட்டு. அம்மா வளையலின் நிறம் வரை போனாள். எட்டரை.

ஒன்பது.

பெல்ட் தளர்ந்து, மேடு இறங்கி, ஆமை நடையாக ஓடியது. அம்மாவின் குரல் மாறியது.

“நல்லாக் கேட்டுக்குங்க. உடனே நிக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் மெதுவா நடங்க. கால்ல குழாயெல்லாம் விரிஞ்சு கிடக்கு. அங்க இறங்கின ரத்தத்தைக் கெண்டைக்கால் அமுக்கி அமுக்கித்தான் மேல அனுப்புது. நின்னீங்கன்னா ரத்தம் கால்லயே தங்கிடும், தலைக்குப் போகாது. ஏற்கனவே அங்க கொஞ்சமாத்தான் போகுது. ஏதாவது பேசணும்னாலும் நடந்துகிட்டே பேசுங்க.”

“சரி சரி” என்றார் அப்பா. ஜெயித்த முகம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

டாக்டர் மூன்று வாரப் பதிவைப் புரட்டினார். “பிரமாதம். வாரத்துக்கு வாரம் ஏறியிருக்கு. படி வேற ஏறியிருக்கீங்க. இப்படி ஒழுங்கா நடந்தவரை நான் பார்த்ததில்லை.”

“நடந்தேனா?” அப்பா சிரித்தார். “நான் எங்க டாக்டர் நடந்தேன்? நான் சும்மா…” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“உங்க மனைவி தினமும் குறிப்பு எழுதியிருக்காங்களே.” டாக்டர் தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் சின்னச் சின்ன எழுத்து. முதல் நாள்: மகள், கயிறு. கணக்கில் சேராது. இரண்டு முதல் ஐந்து: சோபா. சேராது. ஆறு: மாடி மூன்று தடவை. ஏழு: கடை வரை. ஒன்பது: பாலம். ஓரத்தில் ஒரு வரி: முழு வாக்கியம் பேசினால் வேகம் கூட்டவும், இரண்டு வார்த்தை என்றால் குறைக்கவும்.

அப்பா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். உதடு அசைந்தது. மாடி, கடை, பாலம். அவர் கண் மெல்ல மெல்ல அம்மா பக்கம் திரும்பியது.

“அப்போ… நான் நடந்தேனா?”

“நடந்துகிட்டே இருங்க” என்றாள் அம்மா.

“மூணு வாரமும்? ரோட்டுல? எல்லாரும் பார்க்க?”

“ஏங்க, காலை எடுக்காதீங்க.”

ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் அசையாத கட்டை இருக்கும். அப்பா வலது காலைத் தூக்கி வலது கட்டையில் வைத்தார். இடது காலை இடது கட்டையில் வைத்தார். நிமிர்ந்து நின்றார். விரலை உயர்த்தினார். மாடிப்படிச் சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாக, அம்மா நகராத இடத்தில், மூச்சு வாங்காமல், முழு வாக்கியமாகப் பேசினார்.

“கட்டின புருஷனை, அதுவும் ஒரு டிரைவரை, ஊரே பார்க்க நடக்க வெச்சிட்டு, இப்ப ஒண்ணுமே தெரியாத மாதிரி நின்னுக்கிட்டு…”

அதற்குமேல் வரவில்லை. முகத்திலிருந்த சிவப்பு யாரோ துடைத்த மாதிரி இறங்கியது. உதடு வெளுத்தது. உயர்த்திய விரல் உயர்ந்தபடியே இருக்க, முழங்கால் மடிந்தது. அம்மா பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். டாக்டர் தோளைப் பிடித்தார். நான் காலைப் பிடித்தேன். படுக்கையில் போட்டு, காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்தோம்.

“நெஞ்சா டாக்டர்?” என்று கேட்டேன். அம்மா கேட்கவில்லை. அவள் விரல்கள் அவர் மணிக்கட்டில் நாடியை எண்ணிக்கொண்டிருந்தன. எண் திரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். “இதயத்துல ஒண்ணும் இல்லை. நின்னுட்டாரு, ரத்தம் கால்ல தங்கிடுச்சு, அவ்வளவுதான். இப்ப தலைக்குத் திரும்பிடும்.”

அரை நிமிஷத்தில் அப்பா கண் திறந்தார். முதலில் டாக்டரைப் பார்த்தார்.

“டயர் ஸ்டோரா?”

“வண்டி ஓட்டலாம். ஒன்பது நிமிஷம் முடிச்சிட்டீங்களே. இன்னைக்கும் நாளைக்கும் ஓய்வு. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் வாங்க. அது வரைக்கும் இதே மாதிரி தினமும்.”

“இதே மாதிரின்னா?”

“இவங்க கூட.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கையை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. அறுபத்தாறு.

டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, மிச்சத்தை நிரப்பச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. ‘சோதனைக்குப் பின் ஏதேனும் நிகழ்ந்ததா? விவரம் தருக.’ அந்தத் தாள் நேராக டிப்போ மேனேஜர் மேஜைக்குப் போகும். எடுத்துப் போக வந்திருந்தவர் கண்டக்டர். டிப்போ முழுக்கத் தெரியப் பதினெட்டு நிமிஷம் போதும்.

“ஒண்ணுமில்லைன்னு எழுதிடேன்” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

“என் வேலையில பொய் எழுத மாட்டேங்க” என்றாள் அம்மா. பேனாவை எடுத்து, அவளுடைய சின்ன எழுத்தில், இரண்டே வரி எழுதினாள்:

‘நடந்துகொண்டே பேசும்படி அறிவுறுத்தப்பட்டது. நின்று பேசினார்.’